விட வேண்டாமாம்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். எங்கள் வண்டி நிற்பதற்கு முன்னால் கத்தும். முதலில் லேசாகக் கீச்சென்றது. பத்து நாளில் அது தகரத்தில் ஆணியை இழுக்கிற சத்தமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக்கொண்டு மலையேறி வந்த மூத்தவள், வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அப்புறம் இறங்கி, வாசலில் நின்ற என்னைப் பார்க்காமல், மாமனாரிடம் சொன்னாள்.

"காலையில இறங்குறப்போ வளைவுல நிக்கல மாமா. ஓரத்துச் சுவர்ல உரசித்தான் நின்னுச்சு, நீங்களே பாத்தீங்க. இனிமே இதுல உங்கள கீழ கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "அக்கா என்ன சொல்றான்னா, பிரேக் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்காம்மா."

நான் நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்ததாக அர்த்தம். எட்டு மாதமாக வீட்டில் அதுதான் சட்டம். மாடியில் அவள், கீழே நான், நடுவில் தபால்காரராக மாமனார். அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் அம்மா செத்ததற்கு அவள் வரவில்லை. ஒரு போன் கூடப் பண்ணவில்லை. இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு மெஷினில் படுத்தால் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதல் என்பதால் ஞாயிறு சாயங்காலமே கால் வீங்கிவிடும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். திங்கட்கிழமை தவறவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். அண்ணன் தம்பி இருவரும் வேறு ஊரில் லிஃப்ட் மாட்டும் வேலையில் இருந்தார்கள். வர இன்னும் பத்து நாள்.

எங்கள் மெக்கானிக்குக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பேர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். இந்த முறை அதைச் சொல்லக்கூட ஆளில்லை. மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். வாடகை வண்டிக்காரர்கள் மூன்று பேரைக் கேட்டோம். மழைக்காலத்தில் மலை மேல், அதுவும் விடிகாலை ஐந்தரைக்கு என்றதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் வேறு சவாரி வந்துவிட்டது.

"நானே மாத்துறேன்" என்றேன்.

நான் துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். பிறர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்பதில்லை என்பது என் கணவருடைய புகார். தையல் மெஷினை எத்தனையோ முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். சனிக்கிழமை பாகங்கள் விற்கும் கடையில் முன்சக்கரங்களுக்கான பிரேக் பேட் ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதுவும் இருக்கட்டும் என்று பிரேக் ஆயில் ஒரு சின்ன பாட்டிலைச் சேர்த்துக் கொடுத்தார். போனில் வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். விஷயத்தை மாடிக்குக் கொண்டுபோன மாமனார், "அக்காவுக்கு உன்மேல நம்பிக்கை இருக்காம்" என்று பதில் கொண்டுவந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவீட்டுக்கு வராதவளுக்கு நம்பிக்கை ஒரு கேடா?

ஞாயிறு மத்தியானம் மழை விட்டதும் ஆரம்பித்தேன். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் இரும்பு முட்டு கொடுத்து, வலது சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வி, கவ்விக்குள் தட்டின் இரு பக்கமும் பேட். உள் பக்கப் பேட்டில் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. இரும்பும் இரும்பும்தான் உரசிக்கொண்டிருந்தன. இதை நம்பியா ஒரு மனிதரை வாரம் மூன்று தடவை இறக்கியேற்றினோம்? நல்லவேளை, தட்டில் பள்ளம் விழவில்லை. புதுப் பேட்டை மாட்டி, போல்ட்டை இறுக்கி, சக்கரத்தைப் பூட்டி நிமிர்ந்தபோது மணி மூன்றரை.

வாசல் நாற்காலியில் இருந்த மாமனார், "ஆலையில உன்ன வீணடிக்கிறாங்கம்மா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கெட்ட நேரம் பெரும்பாலும் பாராட்டுக்குப் பின்னால்தான் வரும்.

இடது பக்கம். வலது பக்கத்தில் பார்த்ததெல்லாம் இங்கே முகம் திரும்பி இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. கை பழகிவிட்டது என்ற திமிரில், பார்க்காமலே ஸ்பானரை மாட்டித் திருகினேன். போல்ட் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். மணிக்கட்டில் ஏதோ ஈரமாக வழிந்தது.

அது கவ்வியின் போல்ட் இல்லை. பிரேக் ஆயில் வருகிற ரப்பர் குழாயின் போல்ட். பதறிப்போய்த் திரும்ப இறுக்குவதற்குள் தரையில் ஒரு கையகல ஈரம். துடைத்துப் பார்த்தேன். மறுபடி கசியவில்லை. சரியான போல்ட்டைத் தேடிக் கழற்றி, பேட்டை மாட்டிவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். மிதி சத்தமில்லாமல் தரை வரை போனது. ஊறிய சாதத்தில் காலை வைத்ததுபோல் இருந்தது. திரும்பத் திரும்ப மிதித்தும் அப்படியேதான் இருந்தது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொஞ்சமாவது பிடித்த பிரேக், இப்போது இல்லவே இல்லை. நான்தான் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

போனில் தேடினேன். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்றது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மூன்று முறை மிதித்து, மூன்றாவது மிதியில் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் கவ்வியின் மேல் இருக்கிற சின்ன நட்டைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழி வெளியேறும். நட்டை மூடிய பிறகுதான் மிதியை விட வேண்டும். திறந்திருக்கும்போது விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வரும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதைப் பிரேக் கண்டுபிடித்தவன் இப்படி நிரூபித்து வைத்திருக்கிறான்.

மாமனாரைப் பார்த்தேன். அவர் தன் கால்களைப் பார்த்தார். செருப்பின் வார் பாதத்தில் பதிந்து சிவந்திருந்தது. அந்தக் காலால் மிதிக்க முடியாது. அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, படிக்கட்டடியில் நின்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ, அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்பதை மாமனாரிடம் விளக்கினேன், அவள் காதில் விழும்படி. பானட் திறந்திருந்ததால் எனக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கு நான் தெரியவில்லை. இருவரையும் பார்க்கும்படி மாமனார் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். நட்டில் கண்ணாடிபோல் தெரிகிற ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைப் பழைய பாட்டிலில் விட்டேன். பானட்டுக்குள் இருக்கிற ஆயில் தொட்டியை நிரப்பிய பிறகு புது பாட்டிலில் பாதிதான் மிச்சம். தொட்டி வற்றினால் மேலிருந்தும் காற்று போகும், அப்புறம் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது.

"மிதிக்கச் சொல்லுங்க மாமா."

"அம்மா, மெதுவா மூணு தடவ மிதிக்கிறியாம்மா? அவ கேக்குறா."

"மிதிச்சாச்சுன்னு சொல்லுங்க."

"அக்கா மிதிச்சுட்டாளாம், நீ உன் சௌகரியம்போலப் பாத்துக்கோ."

நான் நட்டைத் திறந்தேன். குழாயில் ஆயிலோடு குமிழிகள் வந்தன. மூடினேன். விடச் சொன்னேன். அவர் ஒரு முன்னுரை, ஒரு முடிவுரை சேர்த்துச் சொன்னார். ஆமை வேகம்தான், ஆனால் நடந்தது. இரண்டு, மூன்று, நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குமிழி குறைந்தது. தொட்டியும் இறங்கியது. எழுந்து ஊற்றினேன். பாட்டிலில் மூன்று விரற்கடை.

ஐந்தாவது சுற்றில் நட்டை மூடப் போகையில் ஸ்பானர் வழுக்கி விழுந்து வண்டிக்கடியில் போனது. நட்டு திறந்தே இருந்தது.

"விடாதீங்கன்னு சொல்லுங்க மாமா, விடாதீங்கன்னு சொல்லுங்க."

மாமனார் வாயைத் திறந்தார். பதற்றத்திலும் மனிதருக்கு மரியாதை போகவில்லை. "அம்மா, விட..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "...வேண்டாமாம்" என்று முடித்தார்.

அதற்குள் மிதி மேலே வந்துவிட்டது. என் கண் முன்னாலேயே குழாய்க்குள் இருந்த குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி நட்டுக்குள் ஓடின. நாலு சுற்றில் எடுத்ததெல்லாம் ஒரு நொடியில் போனது.

தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக அது என்னைப் பார்த்து வந்தது.

"நீ என்ன சொன்னே?"

"விடாதீங்கன்னு சொன்னேன்."

"மாமா 'விட'ன்னாரு. நான் விட்டுட்டேன்."

"முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டீங்க."

"முழுசா படிச்சுப் பாத்துட்டு எடுக்க இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

மாமனார் தன் தப்புதான் என்றார், கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாமே என்று பார்த்தாராம். அவள் கதவைத் திறந்து இறங்கி வந்தாள். மரியாதையைப் பற்றித் தன்னிடம் பேச வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் மூஞ்சியில் முழிக்க எனக்குப் பிடிக்காதாம், ஆனால் தினமும் 'அக்காவுக்குத் தலைவலி எப்படி இருக்கு' என்று கேட்டு அனுப்புவதற்கு மட்டும் குறைச்சலில்லை என்றாள்.

"நான் எப்போ கேட்டேன்?" என்றேன். "நீங்கதான் என் இடுப்பு வலியை விசாரிச்சு விசாரிச்சு அனுப்பினீங்க."

"உனக்கு இடுப்பு வலின்னே எனக்குத் தெரியாது."

இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியைப் பார்த்தோம். மாமனார் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கேக்கல" என்றார். "அதனால நான் கேட்டேன்."

எட்டு மாதமாகச் செய்வதையும் செய்துவிட்டுக் குசலம் விசாரிக்கிறாளே என்றுதான் என் கோபம் ஆறாமல் இருந்தது. அவளுக்கும் அதேதான் என்று இப்போது தெரிகிறது. பாவம், அவர் நெருப்பை அணைப்பதாக நினைத்து எண்ணெய் ஊற்றியிருக்கிறார். திட்டவும் முடியவில்லை. அவர் மெதுவாக எழுந்து உள்ளே போனார். வாசற்படி ஏறுவதற்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகு எங்கள் இருவருக்கும் சண்டை போட வாய் வரவில்லை.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இது எத்தனை சுற்றுக்கு வரும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாது என்று நான் ஒப்புக்கொண்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். வண்டிக்கடியில் கையை விட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"மிதிங்கக்கா."

"மிதிச்சாச்சு. பிடிச்சிருக்கேன்."

திறந்தேன். குமிழிகள் கொத்தாக வந்தன. மூடினேன். "விடுங்க."

"விட்டாச்சு."

இடையில் ஆள் இல்லாததால் ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. மூன்றாவது சுற்றில், "பிடிச்சிருக்கேன்" என்றவள், அதே குரலில், "அன்னைக்கு நான் வரல" என்றாள்.

நான் நட்டைத் திறந்தேன்.

"புதன்கிழமை அது. மாமாவ மெஷின்ல விட்டுட்டு நாலு மணி நேரத்துல உங்க ஊருக்குப் போயிட்டுத் திரும்ப முடியுமான்னு பாத்தேன். முடியாது. போகவே ரெண்டரை."

மூடினேன். "விடுங்க" என்றேன். "போன் பண்ணியிருக்கலாமே. ஒரு வார்த்தை."

"பண்ணியிருக்கலாம். கையில எடுத்து எடுத்து வச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல. மறுநாள் பண்ணிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பத்து நாள் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பண்றது? தப்புதான்."

பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அது வந்ததால்தான் அவளால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. "மிதிங்க" என்று மட்டும் சொன்னேன்.

பாட்டிலின் கடைசிச் சொட்டை ஊற்றியபோது தொட்டியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது. இதுதான் கடைசிச் சுற்று, இதற்கு மேல் திறக்க முடியாது. திறந்தேன். குழாயில் ஆயில் மட்டும் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குமிழி இல்லை. மூடி இறுக்கினேன்.

"மிதிச்சுப் பாருங்க."

அவள் மிதித்தாள். மறுபடி மிதித்தாள், மறுபடி. "கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

சக்கரத்தைப் பூட்டி இறக்கி, நட்டுகளை இறுக்கினேன். மாமனார் சன்னலில் நின்று, தானும் வருவதாகச் சொன்னார். அவருக்காகத்தானே பிரேக் என்றார். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அவள் என்னையும் ஏற வேண்டாம் என்றாள். ஏதாவது ஆனால் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றாள்.

"நான் மாட்டினது. நான் ஏறாம நீங்க எப்படி நம்பி ஓட்டுவீங்க?" என்று கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

வாசலிலேயே நாலு தடவை உருட்டி நிறுத்திப் பார்த்தோம். நின்றது. தெருமுனை வரை போனோம், நின்றது. அப்புறம் சரிவில் இறங்கினோம். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான் கதவுப் பிடியைப் பிடித்திருந்தேன். முதல் வளைவு. மிதித்தாள். கத்தவில்லை, இழுக்கவில்லை, வேகம் இறங்கியது. புதுப் பேட்டின் கருகல் வாடை மட்டும் வந்தது. நான் மூச்சு விட்டேன். இரண்டாவது வளைவில் திரும்பும்போது எதிரே பாதைக்கு நடுவில் பால் வேன் ஏறி வந்தது.

அவள் மொத்த உடம்பையும் கொடுத்து மிதித்தாள். நான் முன்னால் போய் பெல்ட்டில் மாட்டித் திரும்பினேன். வண்டி நின்றது. வேனும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான். வேன்காரர் ஏதோ திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

அவள் காலை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சா?"

அந்த வாரம் எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். எல்லோருக்கும் இருந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருந்தேன். இவளுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மா எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்ததைச் சொன்னேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஆயுசுக்கும் நிறுத்தியதாகிவிடும் என்று பயமாக இருந்தது.

"உங்களக் கேட்டாங்க" என்றேன். "மூத்தவ எங்கேன்னாங்க. வீட்ல இருக்காங்க, நாளைக்கு வருவாங்கன்னேன். நாளைக்குப் புதன்கிழமையாச்சே, அவருக்கு மெஷின் நாள், அவள வர வேண்டாம்னு சொல்லிடுன்னாங்க. மறக்காம சொல்லுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரிதான் போனாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லல" என்றேன். "அம்மா போனதுக்கு யார் மேலயாவது கோபப்படணும்போல இருந்துச்சு. அதைச் சொல்லிட்டா உங்க மேல கோபப்பட முடியாது. அதான் சொல்லல."

அவள் முகம் சுருங்கியது. "எட்டு மாசம்" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என் அம்மாவுக்காக, அன்று அழ வேண்டிய அழுகையைச் சத்தமாக அழுதாள். நானும் அழுதேன். நடு வளைவில், சரிவில், வண்டி அசையாமல் நின்றது.